வீதிச் சோதனையும் குடிமக்கள் நம்பிக்கையும்

காவலர் ஒருவர் வழிச்செல்வோனை மறித்து வினவுதல் அரசின் அதிகாரங்களுள் மிகச் சிறியது போலத் தோன்றும். ஆயினும், நீதிமன்றப் படியை வாழ்நாளில் மிதியாதவனும் சோதனைச் சாவடியில் நின்றிருப்பான். நாட்டில் முறை எவ்வாறு நடக்கின்றது என்பதை அவன் அறிந்துகொள்ளுமிடம் அதுவே.

2011ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை, பொலிஸ் நிலையங்களில் இருமொழி அறிந்த அலுவலர் இரவும் பகலும் இருத்தல் வேண்டும் என்றும், முறைப்பாட்டாளர் விரும்பும் மொழியிலேயே வாக்குமூலம் பதியப்படல் வேண்டும் என்றும் விதந்துரைத்தது. இது போற்றற்குரியது. வாசிக்கவியலாத எழுத்தின்கீழ் ஒப்பமிடுவோன் எதற்கு உடன்பட்டான் என்பதைத் தானே அறியான் அன்றோ? எனினும், இவ்விதப்புரை நிலையத்தின் வாயிலுக்குள் நிகழ்வதையே நோக்குகின்றது. வீதியில் நிகழ்வது வேறு. 2007 யூன் 7ஆம் நாள் கொழும்பு விடுதிகளிலிருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அங்கே இல்லாதிருந்தது மொழிபெயர்ப்பாளர் அன்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே காட்டத்தக்க காரணமே.

காரணமின்றி ஐயுறுதலால் விளையும் இழப்பு குடிகளுக்கு மட்டும் உரியதன்று. 2019 ஏப்பிரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களை அடுத்து, கல்முனையை அடுத்த சாய்ந்தமருதில் அக்கூட்டத்தினர் பதுங்கியிருந்த வீட்டை வெளிப்படுத்தியது எது? அயலார் ஐயுற்றுப் பொலிசாருக்கு அறிவித்த சொல்லே. அச்சொல்லை உரைத்த சமூகமே பின்னர் உடையாலும் பெயராலும் ஐயத்துக்குள்ளாயிற்று. நம்பிக்கை அற்றவிடத்து அடுத்த முறை அச்சொல் எழுமோ என்பதே காவற்றுறை சிந்திக்கற்பாலது.

2024 ஒக்டோபர் 23ஆம் நாள் அறுகம்பேயில் உல்லாசப் பயணிகள் கூடுமிடங்கள் தாக்கப்படக்கூடும் என அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. இஸ்ரேலியர் பலர் வந்து தங்கும் அக்கடற்கரையில் காவல் வலுப்படுத்தப்பட்டது. விருந்தினர் உயிரைக் காத்தல் அரசின் கடனாதலின் அக்காவலைக் குறைகூறுதல் தகாது. ஆயினும், பொத்துவிலிலிருந்து பாலங்கடந்து நாளும் தொழிலுக்கு வரும் முச்சக்கர வண்டிச் சாரதி முஸ்லிமாயிருத்தல் ஒன்றே அவனை மறிக்கப் போதிய காரணமாகாது. அச்செய்தியைக் கேட்டுத் தன் பிழைப்புக்காக அஞ்சியவருள் அவனும் ஒருவன்.

கைதுசெய்யப்படுவோனுக்குக் காரணம் அறிவிக்கப்படல் வேண்டும் என்பது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. ஆனால், அரைமணி நேரம் மறிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டவன் கையில் யாதொரு சான்றும் எஞ்சாது. ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்னும் 126ஆம் உறுப்புரை, காட்டுதற்கு ஒன்றுமில்லாத அவனுக்கு எவ்வாறு பயன்படும்? இங்கிலாந்தில் 1999ஆம் ஆண்டு வெளியான மக்பேர்சன் அறிக்கை, மறித்தல் ஒவ்வொன்றும் காரணத்தோடு பதியப்பட்டு, அதன் படி மறிக்கப்பட்டவனுக்கே கொடுக்கப்படல் வேண்டும் என்றது. இது காவலர் பணியைத் தாமதிக்கும் என்பர் சிலர். காரணம் உண்டெனின் அதனை எழுத இரண்டு வரி போதும். எழுத இரண்டு வரியும் கிடையாதெனின் மறித்தலே வேண்டற்பாலதன்று. அவ்வரிகள் தமிழிலும் எழுதப்படின், ஆணைக்குழுவின் விதப்புரையும் வீதிக்கு வந்ததாகும்.

வள்ளுவர் செங்கோன்மை, கொடுங்கோன்மை என்னும் அதிகாரங்களின் பின் வெருவந்தசெய்யாமையைத் தனியோர் அதிகாரமாக வைத்தார். கொடுமை செய்யாதிருத்தல் மட்டும் அமையாது, குடிகள் அஞ்சத்தக்கன செய்யாமையும் வேண்டும் என்பது அவ்வைப்பு முறையாற் பெறப்படும். பொத்துவில் தொடக்கம் கல்முனை ஈறாகவுள்ள கரையோர மக்கள் வேண்டுவதும் காவல் நீங்குதலன்று. தம்மை மறிக்கும் காவலர் அதன் காரணத்தைத் தமக்கு விளங்கும் மொழியிற் கூறி, அதனை எழுதியும் தருதலே.