யந்திரம் எழுதிய வாக்கியங்கள்

கதை எழுதுகிறவனைப் பார்த்து இப்போது எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "இனிமேல் உங்களுக்கு என்ன வேலை?" கேட்கிறவர் முகத்தில் அனுதாபம் இருக்கும், அடியில் கொஞ்சம் சந்தோஷமும் இருக்கும். எழுத்தாளனுக்கும் ஒரு நாள் பிழைப்புப் போகும் என்பதில் பிறருக்கு இத்தனை திருப்தி ஏன் என்பது தனியாக ஆராய வேண்டிய விஷயம்.

நான் பதில் தேடிக்கொண்டிருந்த சமயத்தில் ரியே குடான் என்ற ஜப்பானிய நாவலாசிரியையின் நூல் ஆங்கில மொழிபெயர்ப்பில் கைக்குக் கிடைத்தது. அந்த நாவலுக்கு 2024 ஜனவரியில் அகுதாகவா பரிசு கிடைத்தது. 'ரஷோமான்' எழுதிய அகுதாகவாவின் பெயரால் 1935 முதல் வழங்கப்பட்டு வரும் பரிசு அது. பரிசு பெற்றதும் அம்மையார் பத்திரிகைக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்: நாவலில் ஏறக்குறைய 5 சதவிகிதம் செயற்கை நுண்ணறிவு யந்திரம் கொடுத்த வாக்கியங்கள், எழுத்து மாறாமல் அப்படியே இருக்கின்றன என்று. உலகம் முழுவதும் அதுவே செய்தியாகிவிட்டது. நாவல் எதைப் பற்றியது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

வருங்கால டோக்கியோவில் நடக்கிற கதை. நகரத்தின் நடுவே, ஒரு பெரிய பூங்காவில், வானளாவ ஒரு சிறைச்சாலை கட்டப்போகிறார்கள். அதைச் சிறைச்சாலை என்று சொல்லக் கூடாது. அனுதாபக் கோபுரம் என்று சொல்ல வேண்டும். உள்ளே இருக்கப்போகிறவர்களைக் குற்றவாளிகள் என்றும் சொல்லலாகாது. அவர்கள் பரிதாபத்துக்கு உரியவர்கள். கோபுரத்துக்கு வரைபடம் போடுகிற சாரா மகினா என்ற பெண்ணுக்கு இந்தப் பூசி மெழுகிய சொற்கள் தொண்டையில் முள்ளாக நிற்கின்றன. அவள் யந்திரத்திடம் கேட்கிறாள். அது பதில் சொல்கிறது. யாரும் கோபித்துக்கொள்ள முடியாத, யாருக்கும் உபயோகமில்லாத, மிகப் பணிவான பதில்.

யந்திரத்தின் வாக்கியங்கள் இடம் பெறுவது அங்கேதான். யந்திரத்தின் வாயிலேயே வருகின்றன. ஆசிரியையும் பிற்பாடு இதை விளக்கியிருக்கிறார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் பேச்சைக் காதில் வாங்கிக் கதையில் வைத்தால், குமாஸ்தாவைக் கொண்டு கதை எழுதியதாக யாராவது சொல்வார்களா? அந்தப் பேச்சு எவ்வளவு வெறுமையானது என்று கேட்கத் தெரிந்த காது ஆசிரியையுடையது. என் குறையெல்லாம் வேறு: நாவலில் விவாதம் அதிகம், மனிதர்கள் குறைவு. படித்து முடித்த பிறகு கோபுரம் நினைவில் நிற்கிறது. அதைக் கட்டியவளின் முகம் நிற்கவில்லை.

யந்திரம் எழுதும் என்ற பயம் புதியதல்ல. 1949-ல் வந்த '1984' நாவலில் ஆர்வெல் கதை தயாரிக்கும் யந்திரங்களை வைத்திருக்கிறார். அவற்றைப் பராமரிப்பதுதான் ஜூலியாவின் உத்தியோகம். 1952-ல் மான்செஸ்டர் சர்வகலாசாலையில் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி என்பவர் அங்கிருந்த கம்ப்யூட்டரைக் காதல் கடிதமே எழுத வைத்தார். அந்தக் கடிதத்துக்கு எந்தப் பெண்ணும் மயங்கியிருக்க மாட்டாள். இன்றைய யந்திரம் அப்படி விளையாட்டுப் பொருள் அல்ல. மலைமலையாக மனிதர்கள் எழுதியதை உட்கொண்டு, இந்தச் சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்கிட்டு எழுதுகிறது.

போன வருஷம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானும் அதைச் சோதித்துப் பார்த்தேன். என் பழைய கதைகள் மூன்றைக் கொடுத்து, அதே நடையில் ஒன்று எழுதச் சொன்னேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கணவனை இழந்த ஒரு பெண், ஆறிப்போன காப்பி, கடைசியில் மழை. அவள் ஜன்னலைச் சாத்தாமல் நிற்கிறாள். என் மனைவியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டு, "இது நீங்க முன்னாடியே எழுதினதுதானே?" என்றாள்.

அன்று இரவு என் தொகுதிகளை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன். 7 கதைகள் மழையில் முடிகின்றன. தொடர்கதை எழுதிய நாட்களில், வாரா வாரம் பக்கத்தை நிரப்பியாக வேண்டிய நிர்ப்பந்தத்தில், என் கையும் அடுத்து எந்தச் சொல் சுலபமாக வரும் என்று கணக்குப் பார்த்துத்தான் ஓடியிருக்கிறது. மனித சிருஷ்டியின் மகத்துவம் பற்றி மேடையில் முழங்குகிற நண்பர்களும் தங்கள் தொகுதிகளை ஒரு முறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஆனால் அந்த மூன்றில் ஒன்று நான் எழுதிய முதல் கதை. அதில் ஓர் அத்தை வருகிறாள். கணவனின் சவம் கூடத்தில் கிடக்கிறது. அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்து, "பால்காரன்ட்ட நாளையிலேர்ந்து கால் லிட்டர் கொறச்சுக்கச் சொல்லு" என்கிறாள். பன்னிரண்டு வயதில், கதவுக்குப் பின்னால் நின்று நான் காதால் கேட்டது. துக்கத்தின் நடுவே இது பொருத்தமாக இல்லை என்று பத்திரிகை ஆசிரியர் அடிக்கப் பார்த்தார். சண்டை போட்டுக் காப்பாற்றினேன். அந்தக் கதையைக் கையில் வைத்துக்கொண்டே யந்திரம் எழுதிய விதவை, விதவைகள் எப்படி அழுவார்கள் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்களோ அப்படியே அழுதாள். மழையைப் பிடித்துக்கொண்டது, பால் கணக்கை விட்டுவிட்டது.

எனக்கு வேலை போவது பற்றி அதிகக் கவலை இல்லை. கவலை, இனி எழுத வருகிறவர்களைப் பற்றி. அமெரிக்காவில் 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' என்ற விஞ்ஞானக் கதைப் பத்திரிகை 2023 பிப்ரவரியில் யாரிடமிருந்தும் கதை வாங்குவதையே சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. அந்த ஒரே மாதத்தில், மாதம் முடிவதற்குள்ளேயே, யந்திரம் எழுதிய கதைகள் 500 வந்து குவிந்துவிட்டன. அந்தக் குவியலில் அசல் கத்துக்குட்டி ஒருவனின் முதல் கதை அகப்பட்டிருந்தால் அதை யார் தேடி எடுப்பது? அதுவும் மோசமான கதையாகத்தான் இருந்திருக்கும். என் முதல் கதையிலும் அந்த ஒரு வரியைத் தவிர மற்றது மோசம்தான். அதைப் படித்துச் சண்டை போட ஓர் ஆசிரியருக்கு அவகாசம் இருந்தது.

சமீபத்தில் கல்லூரி மாணவன் ஒருவன் கதை கொண்டுவந்தான். பிழையே இல்லை. பாட்டி, கொல்லைப்புறம், பழைய ஊஞ்சல் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன.

"இதில் எந்த வரியை எழுதிட்டு அப்புறம் அடிச்சே, தம்பி?" என்று கேட்டேன்.

பையன் சிவந்து போனான். "அடிக்கலை சார்" என்றான். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தான். இரண்டே பக்கம். வரிக்கு ஒரு சந்திப் பிழை. நடுவில் அவன் அப்பா டவுன் பஸ்ஸில் ஏறுகிறார். டிக்கெட்டை மடித்துக் காதில் செருகிக்கொள்கிறார். இறங்கி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்த பிறகும் அது அங்கேயே இருக்கிறது. அந்த இரண்டு பக்கத்தை நான் இன்னும் அவனுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.