ராக் கோஷ்டிகளின் ஜீவனோபாயம்

பெங்களூரை ராக் சங்கீதத்தின் தலைநகரம் என்று சொல்லும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அதற்குச் சான்று கேட்டால், 2003-இல் ரோலிங் ஸ்டோன்ஸும், 2007-இல் அயர்ன் மெய்டனும், 2011-இல் மெட்டாலிகாவும் அரண்மனை மைதானத்தில் வந்து வாசித்த சரித்திரத்தையே ஒவ்வொருவரும் எடுத்துச் சொல்லுவார்கள். ஆனால் வந்து வாசித்துப் போனவர்களைக் கொண்டு ஓர் ஊரின் சங்கீதத்தை அளப்பது, சத்திரத்தில் தங்கிப்போன யாத்திரிகர்களைக் கொண்டு அவ்வூரின் ஜனத்தொகையைக் கணக்கெடுப்பதற்கு ஒப்பாகும். உள்ளூரிலேயே பிறந்து, தன் பாட்டைத் தானே எழுதி, சினிமாவின் தயவில்லாமல் மேடையேறிய சுயேச்சையான கோஷ்டிகள் எத்தனை காலம் நின்றன, எதைக்கொண்டு வயிறு வளர்த்தன என்பதே விசாரிக்கத் தக்க விஷயம். அந்த மைதானத்துக்குச் சில மைல் தூரத்தில், தமிழர்கள் நெருங்கி வாழும் ஸ்ரீராம்புரத்தில் இருந்துகொண்டு இதைப் பார்க்கிறவனுக்கு, இந்தச் சரித்திரம் சங்கீத விமரிசகர்கள் எழுதுவதைக் காட்டிலும் சற்று வேறு விதமாகத் தென்படுகிறது.

முதலில் வைத்து எண்ணத் தக்கது தெர்மல் அண்ட் எ குவார்ட்டர். 1996-இல் கல்லூரி நண்பர்கள் சிலர் கூடி ஆரம்பித்த இந்தக் கோஷ்டியின் பெயரே ஒரு பரிகாசக் கணக்கு. ஆதியில் இருந்த நால்வரில் மூவர் முழு மலையாளிகள், ஒருவர் கால்வாசி மலையாளி என்பதை ஆங்கிலச் சிலேடையாக்கி வைத்துக்கொண்டார்கள். தாய்மொழியைப் பின்னமாக வகுத்துப் பெயரில் சூட்டிக்கொண்ட அவர்கள் பாடியதோ முற்றிலும் ஆங்கிலத்தில். கிதாரும் குரலுமாகப் புரூஸ் லீ மணியும், டிரம்ஸில் ராஜீவ் ராஜகோபாலும் இரு தூண்களாக நிற்க, பேஸ் கிதார் வாசிப்பவர்கள் காலத்துக்குக் காலம் மாறினார்கள். 2000-இல் முதல் ஆல்பம், 2002-இல் ‘ஜூப்பிட்டர் கஃபே’, 2005-இல் ‘பிளான் பி’, 2008-இல் ‘திஸ் இஸ் இட்’, 2012-இல் மூன்று தட்டுகளாக வந்த ‘த்ரீ வீல்ஸ் நைன் லைவ்ஸ்’, 2015-இல் ‘நோ வால் டூ ஹை’, 2020-இல் ‘எ வேர்ல்ட் கான் மேட்’ என்று, இந்தியாவில் ஒரு சுயேச்சைக் கோஷ்டி இத்தனை நீண்ட காலம் இடையறாது புதுப் பாட்டு வெளியிட்டு வந்தது அபூர்வம்.

இவர்களுடைய சங்கீதத்தில் ஜாஸின் நெளிவும் ஃபங்க்கின் துள்ளலும் கலந்திருப்பதால், தலையை ஆட்டிக்கொண்டு கேட்க வந்த சாதாரண ராக் ரசிகன் தாளத்தைப் பிடிக்க முடியாமல் திண்டாடுவதுண்டு. எளிதில் முணுமுணுக்க வராத பாட்டுகளை எழுதிக்கொண்டு கால் நூற்றாண்டு நீடித்தார்கள் என்றால், அதற்குப் பாட்டின் விற்பனை காரணமாயிருக்க முடியாது. ‘பிளான் பி’ ஆல்பத்தை விலையில்லாமலே இணையத்தில் எடுத்துக்கொள்ளும்படி விட்டுவிட்டார்கள். தட்டு விற்றுப் பணம் பார்க்க முடியாது என்ற உண்மையை, இசைத்தட்டுக் கம்பெனிகளே ஒப்புக்கொள்ளத் தயங்கிய காலத்தில், இவர்கள் ஒப்புக்கொண்டது புத்திசாலித்தனம். கல்லூரி விழாக்களும், கம்பெனிகள் தம் ஊழியர்களுக்காக நடத்தும் கேளிக்கைகளும், வெளிநாட்டுக் கோஷ்டிகளுக்கு முன்னதாக மேடையேறும் வாய்ப்புகளும் ஒரு புறம் இருக்க, ‘டாக்காடெமி’ என்று ஒரு சங்கீதப் பள்ளியையே ஸ்தாபித்து, பிள்ளைகளுக்குக் கிதாரும் டிரம்ஸும் கற்றுக்கொடுப்பதை நிரந்தரமான தொழிலாக்கிக்கொண்டார்கள். மாதச் சம்பளத்துக்கு ஈடான ஒரு வரும்படி பின்னால் இருந்தபடியால்தான் மேடையில் எவர் ருசிக்கும் வளைந்து கொடுக்க வேண்டாத நிலை அவர்களுக்கு வாய்த்தது. நம் சங்கீத வித்வான்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த ஏற்பாடும் இதுவே அல்லவா? கச்சேரி கீர்த்திக்கு, சிஷ்யர்கள் சாப்பாட்டுக்கு.

இவர்கள் பாட்டு ஸ்ரீராம்புரத்தின் வாசலைத் தொட்ட சந்தர்ப்பம் ஒன்றே ஒன்று உண்டு. மூன்று தட்டு ஆல்பத்தின் தலைப்பிலுள்ள மூன்று சக்கரங்கள் ஆட்டோ ரிக்‌ஷாவின் சக்கரங்கள். அதில் ‘மீட்டர் மேலே ஒன் அண்ட் எ ஹாஃப்’ என்றொரு பாட்டு. இரவு நேரத்தில் பெங்களூரில் ஆட்டோ பிடித்தவர் எவருக்கும் இந்த வாசகத்துக்கு வியாக்கியானம் தேவையில்லை: மீட்டர் காட்டுவதற்கு மேல் பாதியும் சேர்த்துக் கொடுத்தால்தான் வண்டி நகரும். அப்படிக் கேட்கிற ஓட்டுநர்களில் கணிசமானோர் எங்கள் பேட்டைக்காரர்கள். அவர்களுடைய பேரம் ஆங்கில ராக் பாட்டாகி நகரத்தின் நாகரிக விடுதிகளில் கைதட்டல் வாங்கியது. அவர்கள் காதுக்கு அது எட்டியதாகத் தெரியவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பின் இருக்கையில் உட்கார்ந்தவன் தனக்குத் தெரிந்த மொழியில் தன் பிரயாணத்தைப் பாடினான். முன் இருக்கைக்காரன் பாட்டு வேறு.

அகம் என்னும் கோஷ்டி இதற்கு அடுத்த படியில் வருவது. 2003-ஐ ஒட்டி, பெங்களூரின் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் உத்தியோகம் பார்த்த இளைஞர்கள் சேர்ந்து தொடங்கிய இது, சன் தொலைக்காட்சியில் ஏ. ஆர். ரகுமான் முன்னிலையில் 2007-இல் நடந்த ‘ஊ லலலா’ என்ற கோஷ்டிப் போட்டியின் மூலம் தமிழர் வீடுகளில் பிரவேசித்தது. ஹரீஷ் சிவராமகிருஷ்ணனின் கனத்த சாரீரத்தில் தியாகராஜ கிருதிகளும் ஸ்வாதித் திருநாள் தில்லானாவும் மின்சாரக் கிதாரின் கர்ஜனையோடு வெளிவந்தபோது, சபாக்காரர்களில் முகம் சுளித்தவர்களும் உண்டு, பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து ரசித்தவர்களும் உண்டு. 2012-இலும் 2017-இலும் இரண்டு ஆல்பங்கள் வந்தன. இவர்களுக்கும் சோறு போட்டது சங்கீதமன்று, உத்தியோகமே. வாரம் ஐந்து நாள் அலுவலகம், இரண்டு நாள் கச்சேரி என்ற ஏற்பாட்டில் அவசரம் இல்லை. அவசரமில்லாதபடியால் கோஷ்டி உடையவும் இல்லை.

ஸ்ரீராம்புரத்தில் கோஷ்டி என்றால் ஆர்கெஸ்ட்ரா. பின்னி ஆலையிலும் ராஜா மில்லிலும் வேலை செய்ய வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து குடியேறிய குடும்பங்களின் வழிவந்தவர்கள், ஆலைகள் மூடி, ராஜா மில் இருந்த இடத்தில் மந்திரி மால் எழுந்த பிறகும், ஆடி மாதத்து அம்மன் திருவிழாவைக் கைவிடவில்லை. தெருவின் குறுக்கே மேடை கட்டி, இரு புறமும் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி, சீரியல் விளக்குத் தோரணத்தின் கீழ் கச்சேரி ஆரம்பமாகும். விநாயகர் பாட்டு முதலாவது, பிறகு அம்மன் பாட்டு இரண்டு, பிறகு எம்.ஜி.ஆர்., சிவாஜி, பிறகு நள்ளிரவு வரை இளையராஜா. நடுவே ராஜ்குமாரின் கன்னடப் பாட்டு ஒன்று தவறாமல் இடம் பெறும். ரசிகர்கள் அதை விரும்பிக் கேட்கிறார்கள் என்பதும் மெய். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர்கள் விழாக்குழுவில் இன்னும் இருக்கிறார்கள் என்பதும் மெய். கூட்டத்திலிருந்து துண்டுச்சீட்டில் பாட்டின் பெயரையும் தன் பெயரையும் எழுதி, ஐம்பது ரூபாய் நோட்டை உடன் மடித்து மேடைக்கு அனுப்புவார்கள்; அறிவிப்பாளர் பெயரை மைக்கில் வாசித்த பிறகே பாட்டு. ‘மூடுபனி’ படத்துக் கிதார் பாட்டுக்குச் சீட்டு வந்துவிட்டால், அதுவரை மூலையில் நின்றிருந்த கிதார்க்காரன் ஓரடி முன்னால் வந்து நிற்பான். அந்த முகப்பு வாசிப்பு முடிகிற வரை பாடகருக்கும் வேலையில்லை, கூட்டத்திலும் பேச்சில்லை.

அந்தக் கிதார்க்காரன் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டியிருந்தால் அதற்குச் சீட்டு எவர் அனுப்புவார்? இதுதான் முடிச்சு. கைத்திறமைக்குக் குறைவில்லை, வாத்தியங்களும் அதே வாத்தியங்கள், மேடையும் உண்டு, கூட்டமும் உண்டு. ஆனால் பணம் கொடுக்கிறவன் சினிமாப் பாட்டுக்குத்தான் கொடுக்கிறான். பள்ளிக்கூடம் வைக்கும் வசதியும் உத்தியோகத்தின் காப்பும் இல்லாதவன் சுயேச்சையாக இருப்பது எங்ஙனம்?

தமிழில் இதற்குப் பழைய முன்னுதாரணம் உண்டு. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தம் தம்பிமாரைக் கூட்டிக்கொண்டு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடிய பாவலர் சகோதரர்கள் கோஷ்டியைச் சுயேச்சைக் கோஷ்டி என்றல்லாமல் வேறென்னவென்று சொல்ல? கட்சி மேடை தந்த சோற்றில் வளர்ந்த அந்தக் கோஷ்டியின் இளையவர்களில் ஒருவர் சென்னைக்குப் போய் 1976-இல் ‘அன்னக்கிளி’யில் இளையராஜாவானார்; அத்தோடு கோஷ்டியின் கதை சினிமாவின் கதையில் கரைந்தது. ரகுமானும் இளமையில் சென்னையில் நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் கோஷ்டியில் கீபோர்டு வாசித்தவரே. பிற்காலத்தில் லா பொங்கல் கோஷ்டியின் அந்தோணிதாசனும் தர்புகா சிவாவும் சென்ற வழியும் அதுதான். ஆங்கிலத்தில் பாடுகிற கோஷ்டிக்காரனைச் சினிமா கூப்பிடுவதில்லை. தமிழில் பாடுகிறவனைக் கூப்பிடாமல் விடுவதில்லை.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்வின் விசேஷம் விளங்கும். 2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில், சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில், கோட்டு சூட்டு அணிந்த பத்தொன்பது பேர் மேடையேறினார்கள். திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து திரட்டிய கூட்டம் அது. வடசென்னைக் கானாப் பாடகர்கள், பறையும் சட்டியும் கட்ட மோளமும் வாசிப்பவர்கள், ராப் சொல்லுகிறவர்கள், மின்சாரக் கிதார், டிரம்ஸ், இவர்களோடு ஒரே பெண்ணாக இசைவாணி. சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்படும் கானா, அதுவரை சினிமாவில் கேலிக்கும் குத்தாட்டத்துக்கும் மட்டுமே வரவேற்கப்பட்டு வந்தது. இங்கே அது இடஒதுக்கீட்டைப் பற்றியும், அம்பேத்கரைப் பற்றியும், மாட்டுக்கறியைப் பற்றியும் தன் குரலிலேயே பேசியது.

சங்கீத ரீதியில் எல்லாமே வெற்றி என்று சொல்லத் துணியமாட்டேன். கானாப் பாடகன் இயல்பாக ஓர் அடியை இழுத்து நிறுத்தி, கேட்பவர் முகத்தைப் பார்த்து, பிறகே அடுத்த அடியை இறக்குகிறவன். டிரம்ஸின் அளவெடுத்த தாளத்துக்குள் அவனைப் பூட்டிவிட்டால் அந்தத் தாராளம் போய்விடுகிறது. சில பாட்டுகளில் கோஷம் பாட்டை முந்திக்கொண்டு நிற்கிறது. ஆயினும் கட்ட மோளமும் டிரம்ஸும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து வாசிக்கும் இடங்களில், இந்திய ராக் கோஷ்டிகள் கலப்பிசை என்ற பெயரில் செய்துவந்த அலங்கார வேலையெல்லாம் வெளிறிப்போகிறது. நாட்டுப்புற வாத்தியம் அங்கே ஊறுகாய். இங்கே அதுவே சாதம்.

சினிமாக்காரர் ஒருவர் கைகொடுத்து எழுப்பிய கோஷ்டி சினிமாவிலேயே கலைந்துபோகும் என்று ஆரம்பத்தில் சொன்னவர்கள் இருந்தார்கள். பாதி அப்படித்தான் நடந்தது. டென்மா ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’, ‘நட்சத்திரம் நகர்கிறது’ முதலிய படங்களுக்கு இசையமைத்தார். அறிவு ‘காலா’வுக்குப் பாட்டெழுதி, 2019-இல் ‘தெருக்குரல்’ என்னும் ஆல்பத்தை வெளியிட்டு, 2021-இல் ‘என்ஜாய் எஞ்சாமி’ மூலம் உலகமெங்கும் அறியப்பட்டார். அந்தப் பாட்டிலிருந்து தமக்கு வருமானமே வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024-இல் பகிரங்கமாகச் சொல்ல நேர்ந்தது, கோடிக்கணக்கானோர் கேட்டாலும் சுயேச்சைக்காரனின் உலை கொதிப்பதற்கு உத்தரவாதமில்லை என்பதற்குச் சாட்சி. இசைவாணி 2020-இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம் பெற்றார்; சபரிமலை விவாதத்தையொட்டி அவர் பாடிய பழைய பாட்டு ஒன்றின் மீது 2024-இன் இறுதியில் திடீரென்று புகார்கள் கிளம்பின. கோஷ்டியாகப் பத்தொன்பது பேரும் கூடி நிற்பது குறைந்தது. பத்தொன்பது பேருக்குக் கூலி, பிரயாணம், சாப்பாடு என்று கணக்குப் போட்டால், எந்த விழாக்குழுவும் தயங்கத்தான் செய்யும்.

எனினும் பாவலர் சகோதரர்களின் கலைவுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டென்பது என் அபிப்பிராயம். முன்னது கலைந்தபோது மேடையும் கூடப் போயிற்று. பின்னது கலையும்போது மேடை மிஞ்சியது. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ என்ற விழா, சபாக்களின் மாதத்திலேயே பறைக்கும் கானாவுக்கும் ஒப்பாரிக்கும் இடம் ஒதுக்கி, வருஷந்தோறும் நடந்துவரலாயிற்று. 2022-இல் அது கோலார் தங்கவயலுக்கும் வந்தது. கோஷ்டியின் பெயருக்கு மூலமாயிருந்த, சாதிபேதமற்ற தமிழர் என்ற கருத்தைப் பரப்பிய அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலிலும் பெங்களூரிலும் கிளைகள் இருந்தன. அவருடைய நூல்கள் சாம்பியன் ரீஃப் சித்தார்த்தா புத்தகசாலையிலிருந்து வெளிவந்தன. சென்னையிலிருந்து வந்த புதுச்சரக்கு என்று நாம் நினைப்பது, இந்தப் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளர்கள் தம் கூலியில் அச்சுப் போட்டுப் பாதுகாத்த சரக்குதான்.

2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் ரயிலில் ஆயிரக்கணக்கான தங்கவயல்காரர்கள் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். அவர்களும் ஸ்ரீராம்புரத்துக்காரர்களும் சேர்ந்தால் எந்தக் கோஷ்டிக்கும் போதுமான ரசிகர் கூட்டம். இந்த நகரத்தில் அவர்களுடைய தமிழில் சொந்தப் பாட்டுப் பாடும் கோஷ்டி ஒன்று நிலைக்க வேண்டுமானால், அம்மன் திருவிழாவின் ஆர்கெஸ்ட்ராச் செலவுக் கணக்கில் அதற்கென்று ஒரு மணி நேரத்துக்குப் பணம் எழுதும் விழாக்குழு ஒன்று முதலில் முன்வர வேண்டும். கிதார்க்காரன் ஏற்கெனவே மேடையில்தான் நிற்கிறான்.