தினசரி காலண்டரைச் "சுத்தம்" செய்த கதை

டிசைன் படித்த காலத்தில் ஒரு செமஸ்டர் முழுக்க "தகவலை ஒழுங்குபடுத்துதல்" என்று ஒரு பாடம். அன்றாடம் புழங்குகிற, ஆனால் பார்க்கக் கண்றாவியாக இருக்கிற ஒரு பொருளை ஆளுக்கொன்றாக எடுத்துத் திருத்தி வடிவமைத்துக் காட்டணும். ஒருத்தி மின்கட்டண ரசீதை எடுத்தாள். இன்னொருத்தன் பஸ் ஸ்டாண்டு நேர அட்டவணையை எடுத்தான். நான் எடுத்தது, நாளுக்கு ஒரு தாள் கிழிக்கிற தினசரி காலண்டர். போன வாரம் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துழாவியபோது அந்தக் கோப்பு அகப்பட்டது. திறந்து பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. தப்பாகவும் இருக்கிறது. தப்பு எங்கே என்று எழுதி வைத்துக்கொள்ளத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் அசல் தாளைப் பார்ப்போம். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிசு. நடுவில் தேதி, எதிர்ச் சுவரிலிருந்தே தெரிகிற அளவுக்கு. அதைச் சுற்றி ஆங்கில மாதம், தமிழ் வருஷத்தின் பெயர், தமிழ் மாதமும் தேதியும், ஹிஜ்ரி தேதி, கிழமை. அப்புறம் காலை மாலை நல்ல நேரம், கௌரி நல்ல நேரம், ராகுகாலம், எமகண்டம், குளிகை. சூலம் எந்தத் திசை, அதற்குப் பரிகாரம் தயிரா வெல்லமா. திதி, நட்சத்திரம், யோகம், சந்திராஷ்டமம். அடியில் பன்னிரண்டு ராசிக்கும் பலன், ராசிக்கு ஒரே ஒரு சொல்: லாபம், அலைச்சல், பொறுமை, செலவு. ஒரு மனுஷனின் ஒரு நாளை ஒரே சொல்லில் அடக்குகிற இந்தச் சிக்கனத்தை எந்த டிசைன் பள்ளியும் சொல்லித்தந்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு எனக்கு இது எதுவுமே சிக்கனமாகத் தெரியவில்லை. நெரிசலாகத்தான் தெரிந்தது. எட்வர்ட் டஃப்டியின் 1983ஆம் வருஷத்துப் புத்தகத்தை அப்போதுதான் அரைகுறையாகப் படித்திருந்தேன். அச்சு மையில் எவ்வளவு பங்கு தகவலுக்குப் போகிறது என்று கணக்குப் பார்க்கச் சொல்வாரே, அந்த அத்தியாயம் மட்டும் தலைக்குள் ஏறியிருந்தது. கோடுகளை எடு, பெட்டிகளை எடு, அலங்காரத்தை எடு. எடுத்தேன். அதோடு நிற்காமல் தகவலையும் எடுத்தேன். ராசிபலன் போச்சு, சூலம் போச்சு, பரிகாரம் போச்சு. மிச்சம் இருந்ததை வைத்து, நாளுக்கு ஒரு தாள் எதற்கு, வாரத்துக்கு ஒரு தாள் போதுமே என்று முடிவு செய்தேன்.

அந்த வாரத்தாள்தான் என் பெருமை. ஏழு வரிசை, ஞாயிறிலிருந்து சனி வரை. எட்டுப் பத்தி, காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணி வரை, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்று. கட்டங்களை நிரப்பியதும் ஓர் ஆச்சரியம். குளிகை ஞாயிறு 3 மணிக்குத் தொடங்கி, திங்கள் 1.30, செவ்வாய் 12 என்று நாளுக்கு ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்து சனிக்கிழமை காலை 6 மணியில் போய் நிற்கிறது. சுத்தமான மூலைவிட்டம். எமகண்டமும் அப்படியே, நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் துண்டுபடுகிறது. ராகுகாலம் மட்டும் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாமல் சிதறிக் கிடக்கிறது. கிழமைகளின் முதலெழுத்தைக் கோத்து ராகுகாலத்துக்கு ஒரு மனப்பாட வாக்கியம் சின்ன வயசில் சொல்லிக்கொடுத்தார்களே, அது எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. 365 தாளில் ஒளிந்து கிடந்த உருவம் ஒரே பக்கத்தில் தெரிகிறது! நல்ல நேரத்துக்குப் பச்சை, கெட்ட நேரத்துக்குச் சிவப்பு என்று வண்ணமும் கொடுத்தேன். வகுப்பில் கைதட்டினார்கள்.

லீவில் ஊருக்குப் போனபோது வீட்டுச் சுவரில் இருந்த காலண்டரை எடுத்துவிட்டு என் தாளை மாட்டினேன். அப்பத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து கொஞ்ச நேரம் பார்த்தது.

"ஏண்டா, இதுல இன்னைக்கு எங்கடா இருக்கு?"

விரல் வைத்துக் காட்டினேன். மறுநாளும் காட்ட வேண்டியிருந்தது. ஏழு வரிசையில் இன்றைய வரிசை எது என்று என் தாள் சொல்லவே இல்லை. சொல்லவும் முடியாது. பழைய தாளில் இந்தக் கேள்விக்கே இடமில்லை, ஏன்னா மேலே இருக்கிற தாள்தான் இன்றைக்கு. காலையில் யாரோ ஒருத்தர் நேற்றைக் கிழித்துப் போடுவதில் அந்தச் சேதி வந்துவிடுகிறது. கிழிப்பதை நான் ஒரு பழக்கம் என்று நினைத்திருந்தேன். அது வடிவமைப்பின் பாதி.

அடுத்த அடி அதைவிடப் பலமாக விழுந்தது. அந்த வாரம் அத்தை நகை எடுக்கப் போவதாக இருந்தது. என் தாளைப் பார்த்து, "செவப்பு போட்டிருக்கேப்பா, வேண்டாமா?" என்று கேட்டது. குளிகை நேரம். அப்பத்தா உள்ளே இருந்தே குரல் கொடுத்தது: "குளிகைக்கு எதுக்குடா செவப்பு? குளிகையில நகை எடுத்தா திரும்பத் திரும்ப எடுப்போம். பொணத்தத்தான் எடுக்க மாட்டாக."

ராகுகாலம், எமகண்டம், குளிகை மூன்றையும் தாளில் அடுத்தடுத்துப் பார்த்துப் பார்த்து, மூன்றும் ஒரே சாதி என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். குளிகை கெட்ட நேரமே இல்லையாம். செய்த காரியம் மறுபடி நடக்கும் என்று நம்பப்படுகிற நேரம். நல்லதைச் செய்யலாம், சாவு காரியத்தையும் கடன் வாங்குவதையும் தள்ளிப்போடணும். எனக்கு இதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அது பிரச்சினையே இல்லை. நம்புகிறவர்களுக்காக ஒரு தாளை வடிவமைக்க உட்கார்ந்தவன், அவர்கள் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் வைத்திருக்கிறார்கள் என்று ஒருத்தரைக்கூடக் கேட்கவில்லை. பழைய தாள் வெறும் பெயரையும் நேரத்தையும் மட்டும் போட்டு, நல்லதா கெட்டதா என்று சொல்லாமல் விட்டிருந்தது. நான் சிவப்பு அடித்துத் தீர்ப்பு எழுதினேன். தாள் பளிச்சென்று இருந்ததால் அத்தை அதை நம்பவும் செய்தது.

(சிவப்பால் இன்னொரு கூத்தும் நடந்தது. காலண்டரில் சிவப்பு என்றால் ஞாயிறு, அரசு விடுமுறை. பக்கத்து வீட்டுப் பொடியன் என் தாளைப் பார்த்துவிட்டு, "அண்ணே, தெனமும் லீவா?" என்றான்.)

பிறகு ஒரு வருஷம் கழித்து ஜாக் பெர்தானின் 1967ஆம் வருஷத்து நூலைப் பற்றிப் படித்தபோதுதான் நடந்ததற்கு ஒரு பெயர் கிடைத்தது. ஒரு படத்திடம் மூன்று மட்டத்தில் கேள்வி கேட்கலாம் என்பார் அவர். ஒற்றைத் தகவலைக் கேட்பது கீழ்மட்டம். ஒரு பகுதியைப் பற்றிக் கேட்பது இடைமட்டம். மொத்தத்தின் உருவம் என்ன என்று கேட்பது மேல்மட்டம். என் வாரத்தாள் மேல்மட்டக் கேள்விக்கு அருமையான பதில். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டது நான் ஒருத்தன்தான். வீட்டில் எல்லோரும் கேட்பது கீழ்மட்டக் கேள்வி: இன்னைக்கு ராகுகாலம் எப்போ? குளிகை மூலைவிட்டமாக நகர்கிறது என்று தெரிந்து யாரும் நகைக்கடைக்குக் கிளம்புவதில்லை.

டஃப்டியையும் முழுசாகப் படித்தபோது வெட்கமாகப் போயிற்று. அந்தப் புத்தகத்தின் அட்டையில் இருப்பதே பாரிஸ்-லியோன் ரயில்களின் நேரத்தைச் சாய்கோடுகளால் காட்டும் 19ஆம் நூற்றாண்டுப் படம். எவ்வளவு அடர்த்தியான படம்! அடர்த்தியை மெச்சுகிற மனுஷனைச் சாட்சிக்குக் கூப்பிட்டு நான் அடர்த்தியைக் கொன்றிருக்கிறேன்.

பெரிய ஆட்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது என்பது ஒரு அல்ப ஆறுதல். நியூயார்க் சப்வேக்கு மாசிமோ விக்னெல்லி 1972இல் செய்த வரைபடத்தை இன்றும் டிசைன் மாணவர்கள் சுவரில் ஒட்டி வைக்கிறார்கள். எல்லாக் கோடும் 45 அல்லது 90 டிகிரி. நீளவாக்கில் கிடக்கிற சென்ட்ரல் பார்க் அதில் சதுரம். தண்ணீரின் நிறம் நீலம் இல்லை, மணல் நிறம். பயணிகள் புலம்பித் தள்ளி, 1979இல் வேறு வரைபடம் வந்தது. இதே கோண விதியில் ஹாரி பெக் செய்த லண்டன் வரைபடம் 1933இல் வெளிவந்து இன்றைக்கும் வாழ்கிறது. நியூயார்க்காரனுக்கு மேலே இருக்கிற தெருக் கட்டம் மனப்பாடம், அதனால் படம் பொய் சொன்னால் உடனே உறைக்கிறது, லண்டனில் அப்படி இல்லை என்பது என் அனுமானம். பெக் ஒரு காரியம் செய்தார்: ரயிலுக்குச் சம்பந்தமில்லாத தேம்ஸ் நதியை விட்டுவைத்தார். 2009இல் அதைத் தேவையில்லை என்று எடுத்தபோது ஊரே கத்தி, திரும்ப வைக்க வேண்டியதாயிற்று. நான் எடுத்துப்போட்ட ராசிபலன்தான் எங்கள் வீட்டுத் தேம்ஸ். அதை யாரும் நம்புவதில்லை, காலையில் வாசித்துச் சிரிக்காமலும் இருப்பதில்லை.

இதையெல்லாம் சொல்வதால் பழைய தாளை நான் கும்பிடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் எனக்கு ஒரு உண்மையான சண்டை இருக்கிறது. மாதிரிக்கு ஒரு தாள்: "ராகுகாலம் 7.30 - 9.00", அதன் கீழே "தசமி மாலை 4.12 வரை". இரண்டும் ஒரே எழுத்து, ஒரே அளவு. ஆனால் இரண்டும் ஒரே ரகம் இல்லை. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணத்தைக் கணக்கிட்டு வருவது. அதிலும் வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் வேறு நேரம் சொல்லும். எதைப் பின்பற்றியது என்று என் கையில் இருந்த தாளில் ஒரு வார்த்தை இல்லை. ராகுகாலமோ, விதிப்படி பார்த்தால், உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து வருவது. தாளில் இருப்பது காலை ஆறு மணிக்கே சூரியன் உதிப்பதாக வைத்துக்கொண்ட தோராயம். சென்னையில் உதயம் சுமார் 5.42க்கும் 6.36க்கும் இடையே வருஷம் முழுக்க ஊசலாடுகிறது. எட்டில் ஒரு பங்கும் 90 நிமிடமாக நிற்பதில்லை. டிசம்பரில் சுமார் 85, ஜூனில் சுமார் 97. ராசிபலனின் துல்லியத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

கணக்கு, தோராயம், குஷிக்குச் சொன்னது ஆகிய மூன்றும் ஒரே முகத்தோடு ஒரே தாளில் உட்கார்ந்திருக்கின்றன. டிசைன் மாணவனாக நான் கைவைத்திருக்க வேண்டிய இடம் அதுதான். நெரிசலைப் பார்த்து மிரண்டு அங்கே போகவே இல்லை.

கோப்பில் மூன்றாவது வடிவம் ஒன்றும் இருக்கிறது, பாதியில் விட்டது. அதில் மறுபடி நாளுக்கு ஒரு தாள், நடுவில் பெரிய தேதி, அடியில் ராசிபலன். குளிகையை மற்ற இரண்டிலிருந்தும் ஒரு வரி தள்ளி வைத்திருக்கிறேன். அன்றைய உதய நேரத்தைத் தலைப்பில் போட்டு, ராகுகாலத்துக்கு முன்னால் "சுமார்" என்று சின்ன எழுத்தில் சேர்த்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லோடு அப்பத்தாவிடம் காட்டினேன். "சுமாருன்னா என்னடா, எப்பத்தான் கெளம்புறது?" என்று கேட்டது. அதற்கு எந்த எழுத்துருவில் பதில் சொல்வது என்று தெரியாமல்தான் அங்கேயே நிறுத்தியிருக்கிறேன் போல.