ஆறு வாசல்கள்

அரண்மனையைப் பற்றியும் ஆலயத்தைப் பற்றியும் எழுதக் கலை விமர்சகர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டு நிற்கும் சாமானிய வீட்டு வரிசையைப் பற்றி எழுதத்தான் ஆள் குறைவு. அந்த வேலை பெரும்பாலும் நாவலாசிரியன் தலையில் விழுகிறது. அவனுடைய பாத்திரங்கள் அங்கேதானே குடியிருந்தாக வேண்டும்?

வேல்ஸ் நாட்டின் மெர்த்தர் டிட்வில் இரும்பால் பெருத்த ஊர். 1801-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பின்படி வேல்ஸிலேயே அதுதான் பெரிய ஊர். அங்கே கவர்த்வா இரும்பாலையின் அதிபர் ரிச்சர்ட் க்ராஷே, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தம் தொழிலாளருக்காகக் கட்டிய வரிசை ரிட்-அ-கார். கல் சுவர்; சமைக்கவும் உட்காரவும் ஒரே கூடம்; பின்னால் சரிந்து இறங்கும் கூரையின் கீழ் சின்னஞ்சிறு அறை; மாடியில் ஒரு படுக்கை அறை. அலங்காரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சுவரை இரண்டு வீடுகள் பங்கிட்டுக்கொண்டால் கல்லும் மிச்சம், இடமும் மிச்சம். முதலாளியின் சிக்கனம்தான் அதன் சிற்ப சாஸ்திரம்.

1979-இல் வந்த வெள்ளம் இந்த வீடுகளை நாசப்படுத்தியது. பிறகு அவற்றில் ஆறு வீடுகளைக் கல் கல்லாகப் பிரித்து, கார்டிஃப் நகரை அடுத்த செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளிப் பொருட்காட்சிசாலையில் திரும்பக் கட்டினார்கள். 1987 முதல் ஜனங்கள் அவற்றைப் பார்த்து வருகிறார்கள்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. எந்தக் காலத்து வீடாக அதைக் காட்டுவது? கட்டியபோது இருந்தபடி காட்டினால், அது கட்டியவருடைய வீடாகிவிடும். அப்புறம் சுமார் இருநூறு வருஷம் அதில் பிறந்து, சமைத்து, சண்டை போட்டு, செத்தவர்களுக்கு அதில் பங்கே இராது. பொருட்காட்சிசாலையார் இதை அழகாகத் தீர்த்திருக்கிறார்கள். ஆறு வீடுகளுக்கும் ஆறு காலம்: 1805, 1855, 1895, 1925, 1955, 1985. முதல் வாசலில் நுழைந்தால் கொள்ளுப் பாட்டனின் தரித்திரம். கடைசி வாசலில் டெலிவிஷன். வீட்டுத் தோட்டங்கள்கூட அந்தந்தக் காலத்துக்கு ஏற்றபடி மாறுகின்றன. சட்டம் ஒன்றுதான், வாழ்க்கை அதற்குள் ஆறு தடவை தன்னைத் திருத்தி எழுதிக்கொள்கிறது. ஒரு நல்ல குடும்ப நாவலின் அமைப்பு இது. இதற்காக அவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆனாலும் ஒரு குறை. அதே வளாகத்தில் க்வாலியா ஸ்டோர்ஸ் என்ற கடையும் இருக்கிறது. 1880-இல் ஆக்மோர் வேல் என்ற நிலக்கரிப் பள்ளத்தாக்கில் தொடங்கிய கடை. 1991-இல் இங்கே திறந்து, 1920-களில் இருந்த கோலத்தில் வைத்திருக்கிறார்கள். அலமாரி அலமாரியாகச் சரக்கு. 1925-ஆம் வருஷத்து வீட்டைப் பார்த்துவிட்டு இந்தக் கடைக்குள் நுழைகிறவர், அந்தக் காலத்தில் குடும்பங்கள் ஏதோ சௌக்கியமாகத்தான் இருந்தன என்று நினைத்துக்கொண்டு திரும்பக்கூடும்.

அந்த வீட்டை ஒரே ஒரு வருஷம் தள்ளி நிறுத்தியிருந்தால்? 1926 மே மாதம் முதல் நிலக்கரிச் சுரங்கங்கள் கதவடைத்தன. ஏழு மாதத்துக்குக் கூலி இல்லை. வீடு அதே வீடு. அடுப்பு, மேஜை, தட்டு எல்லாம் அவையே. தட்டில் விழுவதுதான் வேறு. கடையிலும் அதே அலமாரிதான். மாறியிருக்கக்கூடியது கடன் நோட்டு ஒன்றே. 1985 என்று எழுதிய வாசலுக்கும் இதே கதி. ஒரு வருஷம் நீடித்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது அந்த வருஷம் மார்ச்சில்தான். டெலிவிஷன் பெட்டியைப் பார்த்து இதை யார் ஊகிக்க முடியும்?

காட்சிசாலையைக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கல்லும் மரமும் ஒரு குடும்பத்திடம் இருந்தவற்றைக் காட்டும். இல்லாமல் போனதைக் காட்டத் தெரியாது. ஆகவே, இந்த ஆறு வாசல்களையும் பார்க்கப் போகிறவர் சாமான்களை மட்டும் எண்ணிக்கொண்டு வந்தால் போதாது. ஒவ்வொரு வாசலிலும் சற்று நின்று, ‘இந்த வருஷம் இவர்கள் கடைக்காரருக்கு எவ்வளவு பாக்கி?’ என்று ஒரு கேள்வி கேட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும்.