எது ஆறு? மலையகத்திலிருந்து ஒரு விசாரணை

பேராதனை வளாகத்தில் கலைப்பீடத்துக்கும் பொறியியற்பீடத்துக்கும் இடையே மகாவலி ஓடுகின்றது. அக்பர் பாலத்தில் நின்று அதனைப் பார்ப்பவர் எவருக்கும் அது ஆறுதானா என்ற ஐயம் எழாது. ஆயின் அந்நீரின் ஒரு சிறு பகுதி அக்கரப்பத்தனையில் எங்கள் லயத்தின் பின்புறத்தைத் தொட்டுவிட்டு வருவது. அங்கே அதற்குப் பெயரில்லை. பெயரற்ற அந்நீர் எந்த இடத்தில் ஆறாயிற்று என்ற வினா, பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு எழுவதுண்டு. பள்ளிப் பருவத்தில், மகாவலி எங்கே உற்பத்தியாகின்றது என்ற வினாவுக்கு, ஹோட்டன் சமவெளிப் பக்கத்தில் என எழுதி மதிப்பெண் இழந்தவன் நான். எதிர்பார்க்கப்பட்ட விடை சிவனொளிபாதமலை. என் விடை பிழையென்றால் நாள்தோறும் கண்ட நீர் எங்கே போயிற்று என்று கேட்கும் துணிவு அன்று இருக்கவில்லை. இன்று கேட்கலாம் என எண்ணுகின்றேன்.

நாட்டின் பேராறுகளை ஒரே புனித மலையிற் பிறப்பிக்கும் மரபு அழகானது. ஆனால் நீர் மரபைக் கேட்டு ஓடுவதில்லை. ஹோட்டன் சமவெளியிலிருந்து இறங்கும் ஆக்ரா ஓயா, டம்பகஸ்தலாவ ஓயாவுடன் கூடிக் கொத்மலை ஓயாவாகின்றது. நானு ஓயா, பூண்டுல் ஓயா முதலியவற்றையும் ஏற்று, ஏறக்குறைய 70 கிலோமீற்றர் ஓடிய பின்னர், நாவலப்பிட்டி வழியாக வரும் கிளையுடன் அது கலக்கின்றது. நாவலப்பிட்டிக் கிளைக்கு அதற்கு முன்னரே மகாவலி என்ற பெயர் கிடைத்துவிட்டது. நெடுந்தூரம் வந்த கொத்மலை ஓயா கிளையாறாக நின்றுவிட்டது. அமெரிக்காவிலும் இதே கதைதான். மிசூரி, தான் சேரும் இடம்வரை மிசிசிப்பி ஓடிவந்த தூரத்தைவிட மிகுதியாக ஓடியும் தன் பெயரை அங்கே இழக்கின்றது. எது தலையாறு, எது கிளையாறு என்பதை நீளமோ நீரின் அளவோ முடிவு செய்வதில்லை. முதலிற் பெயரிட்டவர் எந்தக் கரையில் நின்றார் என்பதே முடிவு செய்கின்றது.

பெயர்களை நம்பலாமா எனின், அதுவும் இயலாது. சிங்களத்தில் கங்கை, ஓயா, எல, தொல எனப் படிப்படியாக இறங்கும் ஒரு வரிசை உண்டு. கங்கை பெரியது, ஓயா சிறியது என்று நாம் கற்றோம். ஆனால் 164 கிலோமீற்றர் நீளமுள்ள மல்வத்து ஓயா, 145 கிலோமீற்றர் நீளமுள்ள களனி கங்கையிலும் நெடியது; ஏறக்குறைய 72 கிலோமீற்றரே ஓடும் நில்வளா, கங்கையெனப்படுகின்றது. அநுராதபுரத்தில் மல்வத்து ஓயாவாக இருப்பது மன்னாரை அடையும்போது அருவியாறு ஆகிவிடுகின்றது. சமநிலத்தில் ஓடுவதற்கு அருவி என்று பெயர்! எங்கள் பக்கத்திலோ ஓயா என்பது நீரை விட்டு ஊரில் ஒட்டிக்கொண்டது. டிக்கோயா, நானுஓயா, பூண்டுலோயா என்று சொல்லும்போது எவரும் நீரை நினைப்பதில்லை. பேருந்தை நினைக்கின்றனர்.

இலங்கையில் 103 ஆறுகள் உள்ளன என்பது பாடநூல்களில் இடம்பெறும் கணக்கு. அது தனித்தனியாகக் கடலைச் சேரும் ஆற்று வடிநிலங்களின் கணக்கு. கிழக்குக் கரையில் மாரியில் மட்டும் ஓடும் சிற்றாறுக்கும் அதில் ஓர் எண் உண்டு. கொத்மலை ஓயாவுக்கு இல்லை, கெஹெல்கமு ஓயாவுக்கும் மஸ்கெலியா ஓயாவுக்கும் இல்லை. அவை முறையே மகாவலிக்கும் களனிக்கும் உரிய உறுப்புகளாகவே கொள்ளப்படுகின்றன. ஹற்றன் மலைமுகட்டின் ஒரு புறத்தில் விழும் மழை மகாவலியோடு திருகோணமலைக்கும், மறுபுறத்தில் விழும் மழை களனியோடு கொழும்புக்கும் செல்கின்றது. இத்தகைய பிரிமேடு இருந்தும், முகத்துவாரம் இல்லாத காரணத்தால் மலைக்கு ஓர் ஆறும் சொந்தமில்லை. ஆற்றிடம் சேருமிடத்தைக் கேட்ட அதே நாடு, அம்மலையில் வாழ்ந்த மக்களிடம் புறப்பட்ட இடத்தைக் கேட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தமும் எங்கள் முன்னோரை அவர்கள் ஊற்றுக்கண்ணைக் கொண்டு வரையறுத்தன. நீருக்கு ஒரு நீதி, மனிதருக்கு ஒரு நீதி. இரண்டிலும் ஓடிவந்த தூரம் கணக்கிற் சேரவில்லை.

விஞ்ஞானம் இதற்கு நேரான விடை தருமா? 1945இல் அமெரிக்க நீரியலாளர் ரொபேட் ஹோட்டன் நீரோட்டங்களை வரிசைப்படுத்தும் ஒரு முறையை வகுத்தார். (எங்கள் சமவெளிக்குப் பெயர் தந்த தேசாதிபதி ஹோட்டன் வேறொருவர்.) கிளையற்ற மிகச் சிறிய நீரோட்டம் முதலாம் வரிசை, இரண்டு முதலாம் வரிசைகள் கூடினால் இரண்டாம் வரிசை, இவ்வாறே மேற்செல்லும். சிறியதை முதலாவதாக எண்ணும் முறை என்பதால் எனக்கு அதில் ஒரு பற்று. எனினும் சிறியதைக் காண்பதற்கு நிலவரைப்படம் வேண்டும். படத்தின் அளவுத்திட்டம் மாறினால் மிகச் சிறியது எது என்பதும் மாறும், அதனோடு பேராற்றின் வரிசையெண்ணும் மாறும். எங்கள் லயத்து நீர் எப்படத்திலும் இல்லை. ஆகவே அது முதலாம் வரிசையும் அன்று.

நம் இலக்கண மரபும் மலைக்கு ஆறு தரவில்லை. அகப்பொருள் நூல்கள் குறிஞ்சிக்கு அருவியையும் சுனையையும், முல்லைக்குக் கான்யாற்றையும் நீராக வகுத்து, ஆற்றை மருதத்துக்கு ஒதுக்கின. உழவருக்குப் பயன்பட்ட நீரே ஆறு என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கின்றது. வயற்கரையில் நின்று செய்த வகைப்பாடு இது. குறிஞ்சி நிலத்தில் தேயிலை நடுவதற்கென்று ஆயிரக்கணக்கானோர் கொண்டுவரப்படுவர் என்பதை அந்நூலோர் எதிர்பார்த்திருக்க முடியாது. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. இன்றும் மலையகத்தைப் பாடவரும் கவிஞர் அருவியிலேயே நின்றுவிடுவதுதான் குறை. அருவி பார்ப்பதற்குரியது. துணி துவைப்பதும், பீலி வைத்துக் குடத்தில் நீர் பிடிப்பதும், மழை நாளில் பிள்ளைகளை அண்டவிடாது தடுப்பதும் வேறொரு நீரிடத்தில். அந்த நீர் எங்கள் இலக்கியத்தில் வரவேண்டிய அளவுக்கு வரவில்லை என்றே கருதுகின்றேன்.

ஆயினும் தமிழ்ச் சொல்லிலேயே ஒரு திறவுகோல் கிடக்கின்றது. ஆறு என்றால் வழி. ஆற்றுப்படை என்பது வழிப்படுத்துதல். இதனை விரிவுரை மண்டபத்தில் கேட்பதற்கு முன்னரே நான் அப்பாயியிடம் கேட்டுவிட்டேன். எங்கள் தொங்கல் வீட்டுக்கு அப்பால் ஒரு தாழ்வு உண்டு. வருடத்தில் பத்து மாதம் அதில் நீர் இராது. அங்கே மாட்டுப்பட்டி போடச் சித்தப்பா முனைந்தபோது அப்பாயி மறித்தார். “அது ஆத்து வழிடா. தண்ணி இல்லாட்டியும் வழி அதோடதுதான்” என்றார். அவர் மறைந்த பின்னர் பட்டி போடப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகமெங்கும் நிலச்சரிவுகளையும் பெருவெள்ளத்தையும் கொண்டுவந்த நாட்களில், ஓரிரவு அந்தத் தாழ்வில் கல்லும் சேறுமாக நீர் இறங்கிற்று. பட்டியும் இரண்டு மாடுகளும் போயின. விடிந்ததும் அயலார் எல்லோரும் அதனை ஆறு என்றே சொன்னார்கள். முந்தைய நாள் அப்படிச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

நீர் அன்று, நீருக்குரிய வழியே ஆறு என்று கொண்டால் பல சிக்கல்கள் தீர்கின்றன. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தம் வழுக்கையாற்றைப் பற்றிப் பேசும்போது நாங்கள் நகைப்பதுண்டு. மாரி கழிந்தால் வறண்டுவிடும் அதனை ஆறென்பதா என்று கேட்போம். அப்பாயியின் வரையறைப்படி அது ஆறே. நகைத்தது எம் தவறு. மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றும் காலங்களில் பழைய மஸ்கெலியா நகரின் கோயிலும் இடிபாடுகளும் வெளித்தெரிய, அவற்றிடையே பழைய ஓயாவின் தடமும் தெரிகின்றது. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு மேலாக நீருக்கடியில் இருந்த தடத்தையும் ஆறென்பதில் எனக்குத் தடையில்லை.

ஆனால் இவ்வரையறையை ஒருவர் எளிதில் மடக்கலாம். 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டம் தலவாக்கலையில் கொத்மலை ஓயாவை மறித்து, ஏறக்குறைய 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே நிலத்தடி மின்நிலையத்துக்கு நீரை அனுப்புகின்றது. அதன் கொள்ளளவு 150 மெகாவாற். சென்.கிளயர் நீர்வீழ்ச்சி அணைக்குக் கீழே இருக்கின்றது. ஏற்பாட்டின்படி பகலில் திறந்துவிடப்படும் நீரே இப்போது அதில் விழுகின்றது. வழி மட்டுமே ஆறு எனின், நீர் செல்லும் அச்சுரங்கமும் ஆறாகிவிடுமே? நீர் தானே வகுத்துக்கொண்ட வழி ஒன்று, நீருக்கென மனிதர் வகுத்த வழி மற்றொன்று. முன்னதே ஆறு என்று நான் விடை கூறுவேன். ஒரு வருடமாக இவ்விடையே போதுமென்றும் நினைத்திருந்தேன்.

சென்ற விடுமுறையில் அதுவும் ஆட்டங்கண்டது. தேயிலைச் சரிவுகளில் மண் கரையாதிருக்கக் குறுக்கே வெட்டப்படும் வடிகாலைக் கான் என்பர். தோட்டத்தில் கான் வெட்டுதல் ஆண்களுக்குரிய கடும் வேலை. எங்கள் மலையில் என் பூட்டனார் வெட்டியதாக வீட்டிற் சொல்லப்படும் கான் ஒன்று உண்டு. பல மழைகளின் பின் அது சரிவை உடைத்துக்கொண்டு கீழிறங்கி, பாறையைக் குடைந்து, ஆளுயர ஆழம் கொண்டுவிட்டது. கோடையிலும் அதில் நீர் இருக்கின்றது. பிள்ளைகள் மீன் பிடிக்கின்றனர். மண்வெட்டி தொடங்கியதை மழை முடித்திருக்கின்றது. நீர் வகுத்த வழியா, பூட்டனார் வகுத்த வழியா என்று அப்பாவைக் கேட்டேன். “ரெண்டு பேரும் ஒரே சம்பளத்துக்குத்தானே வேலை செஞ்சாங்க” என்றார்.

அதன் குறுக்கே இப்போது சிறு பாலமொன்று கட்டியிருக்கிறார்கள். பெயர்ப்பலகை இன்னும் வைக்கவில்லை.