யுஜிசி விதிகளில் கைடு எங்கே?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 முனைவர் பட்ட விதிமுறைகள் வந்தபோது பேச்செல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தது. ஆய்வேட்டுக்கு முன் ஒரு கட்டுரையாவது ஆய்விதழில் வர வேண்டும் என்ற 2016-ஆம் ஆண்டுக் கட்டாயம் நீங்கியது நல்லதா, கெட்டதா? எனக்கு உறுத்துவது வேறு. இந்த விதிகளில் நெறியாளர், நம்ம பேச்சில் 'கைடு', எங்கே இருக்கிறார்?

எண்ணிக்கையில் இருக்கிறார். பேராசிரியரிடம் ஒரே நேரத்தில் 8 ஆய்வாளர்கள் வரை இருக்கலாம். இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4. தகுதியிலும் இருக்கிறார்: இத்தனை கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும், ஓய்வு பெற 3 ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. சேர்த்த பிறகு அவர் என்ன செய்ய வேண்டும்? கொடுத்த இயலை எத்தனை நாளில் படித்துத் தர வேண்டும்? அதைப் பற்றி ஒண்ணுமில்லை.

ஆய்வாளருக்கு மட்டும் எல்லாமே தெளிவு. ஒவ்வொரு பருவமும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் குழு காரணத்தைப் பதிவு செய்து, திருத்த வழி சொல்லும். அப்படியும் சரிசெய்யாவிட்டால் பதிவை ரத்து செய்யவே பரிந்துரைக்கலாம். இதில் தவறில்லை. ஆனால் அந்தக் குழுவைக் கூட்டுபவரே கைடுதான்! "இரண்டாம் இயலைக் கொடுத்து அஞ்சு மாசமாச்சு, சார் இன்னும் பாக்கலை" என்று அவர் எதிரிலேயே எந்த ஆய்வாளர் வாய் திறப்பார்?

அந்த அஞ்சு மாசம் யார் கணக்கில் கழிகிறது என்பதுதான் கேள்வி. பொதுவான உச்சவரம்பு 6 ஆண்டு, ஜே.ஆர்.எஃப். வாங்குகிறவருக்கு உதவித்தொகை 5 ஆண்டோடு சரி. தாமதம் கைடுடையது, நட்டம் ஆய்வாளருக்கு.

'நல்ல கைடு விதி பார்த்தா நடந்துக்கிறார்?' என்பார்கள். உண்மைதான். ஆனால் விதி எழுதுவது நல்லவருக்காக இல்லையே.

மூன்று சின்ன நடைமுறை போதும். வரைவை வாங்கும்போதே திருப்பித் தரும் தேதியைக் குறிப்பது. ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் பேசியதை ஆய்வாளர் அரைப்பக்க மின்னஞ்சலாக அனுப்பி வைப்பது. குழு கூடும்போது கைடை வெளியே இருக்கச் சொல்லிப் பத்து நிமிடம் ஆய்வாளரோடு தனியாகப் பேசுவது. கடைசியாகச் சொன்னது அமெரிக்காவில் பல உயிரியல் துறைகளில் சாதாரணமாக நடப்பதுதான்; அங்கே யாரும் அதைக் கைடுக்கு அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை.

இதற்கு டெல்லி வரை போக வேண்டாம். ஒரு துறைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டாலே தொடங்கிவிடலாம்.