லாயம் வேறு, சவாரி வேறு

சென்னையில் குதிரை வைத்திருப்பவருக்கும் மாநகராட்சிக்கும் வழக்கு மூண்டால், இரு தரப்பு வழக்கறிஞர்களும் முதலில் புரட்டப்போவது மும்பைத் தீர்ப்பைத்தான். தெற்கு மும்பைச் சாலைகளில் ஓடிய 'விக்டோரியா' குதிரை வண்டிகளை எதிர்த்து ஒரு விலங்குநல அறக்கட்டளை பொதுநல வழக்குத் தொடுத்தது. 2015 ஜூன் 8 அன்று பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஏ.எஸ். ஓகாவும் ஏ.கே. மேனனும் அந்த உல்லாசச் சவாரி சட்டவிரோதம் என்றார்கள். ஓராண்டுக்குள் வண்டிகள் ஓய வேண்டும், பிழைப்பை இழப்பவர்களுக்கு மாநில அரசு மறுவாழ்வுத் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் ஆணையிட்டார்கள்.

அந்தத் தீர்ப்பு இரண்டு கால்களில் நிற்கிறது. ஒன்று, லாயங்களுக்கு மாநகராட்சி உரிமம் இல்லை என்பது. மற்றது, மனிதரின் கேளிக்கைக்காக மட்டுமே விலங்கை வருத்துவது தவிர்க்கக்கூடிய செயல், ஆகவே 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு முரண் என்பது.

முதல் கால் உறுதியானது. வளர்ந்த குதிரை ஒன்று நாளொன்றுக்கு லத்தியும் மூத்திரமுமாக 20 கிலோவுக்கு மேல் கழிக்கும். திரும்பிப் படுத்து எழ 12 அடிக்கு 12 அடி இடமாவது வேண்டும். மயிலாப்பூரில் அரை கிரவுண்டு வீட்டின் பின்கட்டில் இதைச் செய்தால் ஈயும் நாற்றமும் பக்கத்து வீட்டுச் சமையலறைக்குப் போகும். குதிரைக்கும் அது சிறைதான். இங்கே உள்ளாட்சி தலையிடுவதை அத்துமீறல் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது கால்தான் ஆட்டம் காண்கிறது. கேளிக்கை என்பதே குற்றமென்றால் அதே மும்பையின் மகாலட்சுமி பந்தயத் திடல் எப்படித் தப்பியது? நம் கிண்டிப் பந்தயத் திடலையே எடுத்துக்கொள்வோம். 1974-இல் குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம், 1986-இல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பைக் கையகப்படுத்தும் சட்டம், 2024-இல் 160 ஏக்கர் நிலக் குத்தகை ரத்து என்று அரசு மூன்று முறை மோதியிருக்கிறது. பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சூதா திறமையா, சொத்து யாருடையது, வாடகை பாக்கி எவ்வளவு என்பவையே அங்கே வழக்கு. குதிரை பட்ட பாடு எதிலும் மையக் கேள்வியாகவில்லை. வசதியுள்ளவரின் கேளிக்கை விளையாட்டாகவும், கடற்கரையில் கூலிக்குக் குதிரை நடத்துபவரின் தொழில் வதையாகவும் தெரிவது சமமான அளவுகோல் ஆகாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பந்தயக் குதிரைக்கு மருத்துவர், தீவனம், புல்தரை எல்லாம் உண்டு; சாலைக் குதிரைக்குத் தாரும் கான்கிரீட்டும்தான். உண்மை. ஆனால் அப்போது எடை போட வேண்டியது குதிரை வாழும் நிலைமையை. சவாரியின் நோக்கத்தை அல்ல. வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகள் அப்படித்தான் எழுதப்பட்டன: ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 வரை வேலையே கூடாது. இந்த விதியை மெரினாவுக்குப் பொருத்தினால் சித்திரை, வைகாசியில் வெயில் அந்த அளவைத் தாண்டும் நாட்களில் மதியச் சவாரி தானாகவே நின்றுவிடும். தடைச் சட்டம் எதுவும் தேவைப்படாது.

சென்னையின் பழைய சட்டத்திலும் ஒரு கோணல் இருந்தது. 1919-ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டம், லாபத்துக்காக நாற்கால் பிராணிகளை வைத்திருக்கும் லாயத்துக்கும் கொட்டகைக்கும் ஆணையரின் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஜட்காக்காரர் அதில் சிக்குவார். அடையாறு பங்களாவில் ஆசைக்குக் குதிரை வளர்ப்பவர் சிக்கமாட்டார். லத்தியின் நாற்றத்துக்கு லாபநோக்கம் தெரியுமா என்ன? பொதுத்தொல்லைப் பிரிவு பங்களாக்காரர் மீதும் பாயும்தான். நடைமுறையில் அதற்கு யாராவது புகார் எழுத வேண்டும், பங்களாக்காரர் மேல் புகார் எழுத எத்தனை பேர் துணிவார்கள்? 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டத்தின் கீழாவது இந்தப் பாகுபாடு தொடரக் கூடாது.

குதிரைக்காரர் தரப்பில் பேசப்படாத வாதம் ஒன்றும் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம், பொருள் விற்பவரோடு பொதுமக்களுக்குச் சேவை அளிப்பவரையும் சேர்த்தே வரையறுக்கிறது. மணலில் குழந்தையை ஏற்றி நடத்திக் காசு வாங்குவது சேவை இல்லையென்றால் வேறு என்ன? அப்படியானால் கணக்கெடுப்பு நடத்தாமல், நோட்டீஸ் கொடுக்காமல் அவரை விரட்ட முடியாது. நீதிமன்றம் இதை ஏற்குமா என்பது விவாதத்துக்குரியது. எழுப்பத் தகுந்த வாதம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

என் தீர்ப்பு இது. குடியிருப்புச் சந்தில் லாயம் வைக்கும் உரிமை யாருக்கும் இல்லை; அந்த வழக்கில் மாநகராட்சி வெல்ல வேண்டும், எதிரில் நிற்பவர் பணக்காரரானாலும். கடற்கரைச் சவாரியை ஒட்டுமொத்தமாகத் தடுக்க வந்தால் அது தோற்க வேண்டும். ஊருக்கு வெளியே தண்ணீரும் கால்நடை மருத்துவரும் எட்டும் இடத்தில் பொது லாயம் ஒன்றை ஒதுக்கி, உரிமத்தோடு வேலை நேரத்தையும் எழுதிக் கொடுத்த பிறகே ஒரு குதிரையை மணலிலிருந்து வெளியேற்றும் அதிகாரம் மாநகராட்சிக்கு வரும்.